பரணில் கிடக்கும் தொடர்கதை: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் முதல் அச்சு தேடுவோருக்கு

தமிழின் பெரிய நாவல்களில் பல, முதலில் புத்தகமாக வரவில்லை. வாரப் பத்திரிகையிலோ மாதப் பத்திரிகையிலோ துண்டு துண்டாக வந்து, பல கைகள் மாறிக் கசங்கி, அதற்குப் பிறகுதான் அட்டை கண்டன. பி.ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை ‘விவேகசிந்தாமணி’யில் வந்தது, புத்தகம் 1896இல் வந்தது. கல்கியின் பொன்னியின் செல்வன் ‘கல்கி’ பத்திரிகையின் 1950 அக்டோபர் 29 இதழில் தொடங்கி 1954 மே 16இல் முடிந்தது. இடையில் 185 வாரங்கள். முதல் பதிப்பு என்று புத்தகக்காரர்கள் சொல்வது இந்தக் கதைகளுக்கு இரண்டாம் பிறப்புதான். முதல் பிறப்பு பத்திரிகைத் தாளில் நடந்துவிட்டது.

அமெரிக்காவில் இதற்கென்றே சேகரிப்பாளர் கூட்டம் உண்டு. எட்கர் ஆலன் போவின் முதல் துப்பறியும் கதை வந்த 1841 ஏப்ரல் மாத ‘கிரஹாம்ஸ் மேகசின்’, ஹெர்மன் மெல்வில்லின் ‘பார்ட்டில்பி’ ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்த 1853 நவம்பர், டிசம்பர் மாதப் ‘புட்னம்ஸ்’ ஆகியவற்றைத் தேடி அலைகிறார்கள். நம்மிடம் அதே தேடலுக்கான பொருள் ஏராளம். தேடுகிற ஆள்தான் குறைவு.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் என்ன கிடைக்கும், எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிக் காப்பது என்பது இந்த அத்தியாயம். 19ஆம் நூற்றாண்டு இதழ்களை இங்கே வீடுகளில் எதிர்பார்த்துக் கிளம்ப வேண்டாம். ‘விவேகசிந்தாமணி’யின் ஓர் இதழ் கையில் பட்டாலே அது பெரும் பேறு. ‘மணிக்கொடி’யும் அப்படித்தான், 1933 செப்டம்பரில் தொடங்கி, 1935 முதல் பி.எஸ். ராமையா கையில் சிறுகதை இதழாக நடந்த அந்தப் பத்திரிகை, இலக்கிய ஆர்வமுள்ள சிறு வட்டத்துக்கு வெளியே பெரிதாகப் பரவவில்லை. இங்கே பரண்களில் இருப்பவை பெரும்பாலும் 1940களிலிருந்து 1970கள் வரையிலான ஆனந்த விகடன், கல்கி, கலைமகள், குமுதம். அவையும் தனித்தனி இதழ்களாக அபூர்வம். இருப்பவை ‘பைண்டு’கள்: வாரா வாரம் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் தைத்து அட்டை போட்ட கட்டுகள்.

பட்டணத்துச் சேகரிப்பாளர்கள் பைண்டைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அட்டைப்படம் போயிற்று, தேதி போயிற்று, ஓரம் வெட்டிவிட்டார்கள் என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனாலும் இன்ன ஊரில் இன்ன வீட்டில் கட்டப்பட்டது என்று தெரிந்த பைண்டு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத முழு இதழைவிட மேலானது என்பது என் தீர்மானமான கருத்து. கதை அச்சானதற்கு இதழ் சாட்சி. அந்தக் கதையை ஒரு குடும்பம் எப்படி வாசித்தது என்பதற்கு பைண்டு சாட்சி.

இந்த மண்ணுக்கு மூன்று தொடர்கள்

எல்லாவற்றையும் சேகரிக்க நினைத்தால் எதுவும் முழுமையாகாது. இந்த வட்டாரத்தில் தொடங்குகிறவருக்கு நான் மூன்று தொடர்களைச் சொல்வேன்.

முதலாவது பொன்னியின் செல்வன். பழுவேட்டரையர்களின் பழுவூர் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று இன்றும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கலாம். இரண்டாவது அகிலனின் வேங்கையின் மைந்தன். ராஜேந்திர சோழனைப் பற்றிய இந்த நாவலும் கல்கியில் தொடராக வந்து, 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கங்கைகொண்டசோழபுரம் அதன் களம்.

மூன்றாவது கதையல்ல, வாழ்க்கை வரலாறு. ஆனாலும் இந்த மாவட்டங்களின் சேகரிப்பாளர் எவரும் அதை விட முடியாது. உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம் 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது முடிவுறாமல் நின்றது. 122 அத்தியாயங்களோடு புத்தகமானது 1950இல். சிறுவயதில் அவர் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டதும், குன்னத்தில் குடியிருந்ததும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்புப் பாடம் கேட்டதும் அதில் வருகின்றன. தங்கள் ஊர்ப் பெயர் விகடனில் அச்சானதை இங்கிருந்தவர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் குன்னம் பக்கம் நான் பழைய வீடுகளைக் கேட்டு நடக்கிறேன்.

பைண்டைப் படிக்கும் முறை

கட்டு கைக்கு வந்ததும் கதையைப் படிக்க உட்காராதீர்கள். முதலில் மேசையில் படுக்க வைத்து, முதுகைப் பாருங்கள். காலிகோ துணியும் கெட்டி அட்டையும் இருந்தால் பைண்டிங் கடையில் கட்டியது. வேட்டிக்கரையோ சாக்குத் துணியோ ஒட்டி, கோணி ஊசியால் மூன்று இடத்தில் துளைத்துச் சணல் நூல் கோத்திருந்தால் வீட்டில் கட்டியது. வீட்டுக் கட்டில் ஓரம் வெட்டியிருக்க மாட்டார்கள். பக்க எண், இதழின் பெயர், சில சமயம் தேதி, எல்லாம் தப்பியிருக்கும்.

அடுத்து, பக்க எண்களைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். 23, 24, 25, 26 என்று போய் அடுத்த தாள் 17 என்று தொடங்கினால் அங்கே இதழ் மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு காகிதத் துண்டை வையுங்கள். அத்தியாயத் தலைப்பின் கீழ் ‘முன் கதைச் சுருக்கம்’, முடிவில் ‘தொடரும்’ இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் இவை உதிர்ந்துவிடும். எந்த வாரம் கதையை எந்த இடத்தில் நிறுத்தி வாசகரைத் தவிக்கவிட்டார்கள் என்பது இந்தக் கட்டைத் தவிர வேறெங்கும் தெரியாது.

பிறகு தாளின் பின்பக்கம். கதையைப் பிரித்தெடுத்தவர்கள் வேண்டாமலே காப்பாற்றிய பக்கம் அது. பாதி துணுக்கு, ஒரு தைல விளம்பரம், சினிமா விளம்பரம். தேதி இல்லாத கட்டுக்குத் தேதி சொல்வது இந்தச் சினிமா விளம்பரங்கள்தான். ‘சந்திரலேகா’ புதுப்படமாக விளம்பரமாகியிருந்தால் 1948; ‘பராசக்தி’ தீபாவளி வெளியீடு என்றிருந்தால் 1952. பொன்னியின் செல்வன் கட்டு என்று ஒருவர் நீட்டும் பைண்டின் பின்பக்கத்தில் 1960களின் படம் இருந்தால், அது முதல் அச்சு இல்லை.

இங்கே நின்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொன்னியின் செல்வனைக் கல்கி பத்திரிகையே பின்னாளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தொடராக வெளியிட்டது. கட்டும் பழசு, தாளும் மஞ்சள், பத்திரிகையும் கல்கி. ஆனால் மறு அச்சு. இந்த வட்டாரத்தில் கிடைக்கும் கட்டுகளைப் பிரித்தறிய ஓவியத்தைப் பாருங்கள். முதல் முறை வரைந்தவர் மணியம். வந்தியத்தேவனும் குந்தவையும் நந்தினியும் அவர் கோடுகளில்தான் முதலில் முகம் பெற்றார்கள். பின்னாளில் வினுவும் பத்மவாசனும் வரைந்தார்கள். படத்தின் மூலையில் கையெழுத்து இருக்கும்; பூதக்கண்ணாடி எடுத்துப் பாருங்கள். வினுவின் கட்டும் பாதுகாக்கத் தக்கதே. அதை முதல் அச்சு என்று விலை சொன்னால் மட்டும் வாங்காதீர்கள்.

விலையும் காலம் காட்டும். அட்டை தப்பியிருந்து அணாக் கணக்கில் விலை போட்டிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது; அந்த மாதம்தான் தசம நாணயம் வந்தது. ‘ந.பை.’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆயிற்று. விளம்பர முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. எழுத்து வடிவத்தை மட்டும் நம்பிக் காலம் சொல்லாதீர்கள். லை, னை, றா போன்றவற்றின் புது வடிவத்துக்கு அரசாணை வந்தது 1978இல் என்றாலும், பத்திரிகைகள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை.

தமிழ் வருஷம் போட்ட தாள்களில் இன்னும் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும். கமலாம்பாள் சரித்திரம் தொடங்கிய 1893இல் பிறந்ததும் விஜய வருஷம்; பொன்னியின் செல்வன் நடந்துகொண்டிருந்த 1953இல் பிறந்ததும் விஜய வருஷம். உதிரித் தாளில் ‘விஜய’ என்று மட்டும் இருந்தால் தாளின் தன்மையையும் நடையையும் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

பெயர் மாறிய கதைகள்

புத்தகப் பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால் கைக்கு வந்ததையும் தவற விடுவீர்கள். கமலாம்பாள் சரித்திரம் ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்ற பெயரையும் சுமந்து வந்தது. அ. மாதவையா 1892இல் ‘விவேகசிந்தாமணி’யில் தொடங்கிப் பாதியில் நின்ற ‘சாவித்திரி சரித்திரம்’, 1903இல் ‘முத்துமீனாட்சி’யாகப் புத்தகமானது. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று வந்தது; அந்தத் தலைப்போடு இருக்கும் கட்டை எடைக்குப் போட்டவர்கள் இருப்பார்கள்.

ஆசிரியர் பெயரும் அப்படித்தான். விகடனில் தில்லானா மோகனாம்பாளை எழுதிய ‘கலைமணி’ வேறு யாருமல்ல, கொத்தமங்கலம் சுப்பு. அதற்குக் கோபுலு வரைந்த படங்கள் இல்லாமல் அந்தக் கதையை நினைக்கவே முடியாது. புதுமைப்பித்தனும் பல புனைபெயர்களில் எழுதியவர். அவருடைய கதைகள் முதலில் பத்திரிகையில் வந்த வடிவத்துக்கும் தொகுப்பில் ஏறிய வடிவத்துக்கும் உள்ள பாடபேதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் பதிப்பில் எடுத்துக் காட்டியிருக்கிறார். முதல் அச்சு எதற்கு என்று கேட்பவருக்கு அந்தப் பதிப்பைக் கையில் கொடுங்கள்.

வடிவமே மாறியதற்கு நல்ல உதாரணம் தியாகபூமி. 1939இல் விகடனில் கல்கி எழுதியபோது ஓவியங்களுக்குப் பதிலாக கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் ஸ்டில்களைப் போட்டார்கள். கதையும் படமும் கைகோத்து நடந்த அந்தப் பக்கங்கள் பிறகு எந்தப் பதிப்பிலும் அதே போல் வரவில்லை.

எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது

பெரம்பலூர் நகரில் ரயில் இல்லை, அரியலூரில் உண்டு. ஆகவே ரயிலில் வந்திறங்கி அரியலூர் ஏஜெண்டு முத்திரை பதிந்த இதழ்கள் கிடைத்தால் முத்திரையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பத்திரிகை எந்த வழியாக எந்த ஊர்வரை போயிற்று என்று ஒரு வரைபடமே அதிலிருந்து போடலாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கிராம முன்சீப், கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர்கள், தபால் அலுவலகம் நடந்த வீடுகள்: இவற்றில் தொடங்குங்கள். அதற்கு மேல், கல்யாணமாகி வரும்போது பெட்டியில் பைண்டு கொண்டுவந்த பெண்கள். பெரிய சேகரிப்பு என்று நான் பார்த்தவை பெரும்பாலும் பெண்கள் கட்டிவைத்தவை. ஆண்கள் சந்தா கட்டினார்கள். பெண்கள் பக்கங்களைப் பிரித்துத் தைத்தார்கள்.

கேட்கும் விதம் முக்கியம். “பழைய புக் இருந்தா விலைக்குக் குடுங்க” என்று வாசலில் நின்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். “ஆயா, அந்தக் காலத்துல கல்கி படிச்சீங்களா?” என்று கேளுங்கள். படித்திருந்தால் அவரே கதை சொல்ல ஆரம்பிப்பார். “மணியம் படம் போட்டது எங்கிட்ட இருந்துச்சு, பெரியவன் பரண்ல போட்டான்” என்று வந்து நிற்கும். பிறகு ஏணி தேடுவது உங்கள் வேலை. கொடுக்க மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். வெளிச்சமான திண்ணையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

பழைய பேப்பர் கடையில் முறை வேறு. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: “அண்ணே, நூல் போட்டுத் தைச்ச கட்டு வந்தா பிரிக்காம எடுத்து வைங்க.” எடை விலைக்கு மேல் கொடுங்கள், ஒவ்வொரு முறையும் கொடுங்கள். ஒருமுறை ஏமாந்ததாக அவருக்குத் தோன்றினால் அடுத்த கட்டு ஆலைக்குப் போய்விடும். நூலக முத்திரை இருந்து, கழிவு செய்ததற்கான அடையாளம் இல்லாத இதழ்களை வாங்காதீர்கள். எடுத்துப் போய் அந்த நூலகத்திலேயே ஒப்படையுங்கள்.

தீபாவளி மலர்களைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கனமாக, வண்ணப்படங்களோடு இருந்ததால் மக்கள் அவற்றைத் தாமாகவே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். எளிதில் கிடைக்கும்.

தூசியும் பூச்சியும்

அரியலூர்ப் பக்கத்துக் கட்டுகளில் சாம்பல் நிறத்தில் நயமான தூசி படிந்திருக்கும். சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் உள்ள ஊர்களில் அது தவிர்க்க முடியாதது. அதைத் துணியால் துடைக்காதீர்கள். துகள்கள் தாளை உரசி எழுத்தைத் தேய்க்கும்; ஈரத் துணி பட்டால் தாளில் அப்பிக்கொள்ளும். மிருதுவான, உலர்ந்த தூரிகையால் முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரே திசையில் தட்டிவிடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

பத்திரிகைத் தாள் அடிப்படையில் மட்டமான தாள். மரக்கூழில் உள்ள பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டு அமிலமாகித் தாளை உள்ளிருந்தே மஞ்சளாக்கி, மொறமொறப்பாக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் அச்சான இதழ்கள் இதில் மிகவும் பலவீனமானவை. மடித்தால் மடிப்போடு கையில் வரும். ஆகவே வெயில் படும் அலமாரி கூடாது, மாடித் தகரக் கூரை அறை கூடவே கூடாது. பெரம்பலூர்க் கோடையில் அந்த அறை தாளைச் சுட்டுவிடும்.

செலோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் பசை பழுப்பாகித் தாளைத் தின்னும். லேமினேஷன் செய்யாதீர்கள்; செய்ததை மீட்க வழியில்லை. கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை மாவுச் சத்தில் காய்ச்சிய பசையும் போதும். இதழைக் கோத்த இரும்புப் பின்கள் துருப்பிடித்திருந்தால் பின்பக்கத்தில் கால்களை நிமிர்த்தி மெதுவாக எடுத்துவிட்டு, அதே துளையில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். இராமபாணப் பூச்சிக்கு வசம்பு, நொச்சி இலை என்று நம் வீடுகளில் வைப்பது வழக்கம். வைக்கலாம், ஆனால் இலை தாளில் படாமல் துணிப்பையில் இருக்கட்டும். கரையானுக்கு எந்த இலையும் போதாது. அலமாரி சுவரை ஒட்டாமல், தரையை விட்டு உயர்ந்து நிற்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு கட்டையும் கையில் எடுக்க வேண்டும்.

பைண்டைப் பிரித்து இதழ்வாரியாக அடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். தைத்த விதமும் அந்த வீட்டின் வரலாறுதான்.

எழுதி வைப்பதும் ஒப்பிடுவதும்

ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். கதை, ஆசிரியர், பத்திரிகை, எந்த இதழிலிருந்து எந்த இதழ் வரை, விடுபட்ட அத்தியாயம், ஓவியர், எந்த ஊரில் எப்போது கிடைத்தது, யார் கட்டியது. பென்சிலால் எழுதுங்கள், சீட்டைத் தாளோடு ஒட்டாதீர்கள். ஓரத்தில் வாசகர் எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் படியெடுங்கள். குடும்பத்தார் விரும்பாவிட்டால் பெயரை விட்டு ஊரை மட்டும் குறிக்கலாம்.

விடுபட்ட அத்தியாயங்களை ஒப்பிட மூன்று இடங்கள் உதவும். அருகில் இருப்பது புதுக்கோட்டை ஞானாலயா, பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தங்கள் சொந்த உழைப்பில் வளர்த்த நூலகம், முதல் பதிப்புகளுக்குப் பேர்போனது. திருச்சி வழியாகக் காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். போகுமுன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை, 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் நூலகமாயின. சிதறியிருந்தால் நம் பத்திரிகை வரலாற்றில் பாதி போயிருக்கும். வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் வருடப்பட்டுக் கிடைக்கின்றன.

இந்த மாவட்டங்களில் தேடலுக்கு உகந்த காலம் மார்கழி. போகிக்கு வீடு ஒழிக்கும்போது பரணிலிருப்பது கீழே வரும். அன்று காலையே பல கட்டுகள் நெருப்புக்குப் போகின்றன. ஆகவே மார்கழி பிறந்ததும் உங்கள் தெருவிலிருந்து ஆரம்பியுங்கள். தெரிந்த வீடுகளில் எல்லாம் சொல்லி வையுங்கள்: தைத்த கட்டு எது இறங்கினாலும், எரிக்குமுன் ஒருமுறை கூப்பிடச் சொல்லுங்கள்.